முகம் எழுதாத அரசன்

கல்மேட்டில் சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துக் கைவிட்டுப்போன மேற்குக் குழியின் சுவரில், சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், முந்தின நாள் மாலை வரைக்கும் இல்லாத ஒரு வாசல் இருந்தது. அதை முதலில் பார்த்தவை ஆடுகள்தான். வெயிலுக்கு நிழல் தேடி அவை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய்விட, ஆடுகளைத் தேடிப்போன மாரிக்கண்ணு படிகளில் இறங்கி, குளிர்ந்த தரையில் அவை கண்ணைச் செருகி அசைபோட்டுக்கொண்டு படுத்திருப்பதையும், சுற்றிலும் சுவர் நிறைய வெள்ளை உடுத்தின ஆட்கள் பக்கவாட்டு முகத்தோடு நிற்பதையும் பார்த்து, ஆடுகளை எண்ணி ஓட்டிக்கொண்டு வெளியே வந்து, டீக்கடையில் ஒரு டீயைச் சொல்லிவிட்டு, "குழிக்குள்ள யாரோ வீடு கட்டியிருக்காங்க, இன்னும் குடிவரல" என்றாள்.

அந்தக் குழி புறம்போக்கு நிலம் என்பதால், வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து சர்வேயர் பூங்கோதையை அளக்க அனுப்பினார்கள். பூங்கோதைக்கு நாற்பத்து மூன்று வயது. பத்தொன்பது வருஷமாக அந்த வட்டாரத்து நிலத்தையெல்லாம் அளந்தவள்; மனுஷர் சொல்வது மாறும், டேப் சொல்வது மாறாது என்று நம்புகிறவள். அவளுடைய புருஷன் தணிகாசலம் பேரூராட்சித் தண்ணீர் லாரி ஓட்டினார். ஐந்தடி இரண்டங்குலம் உயரம், நிமிர்ந்து பேசும் குரல், நான்கு தேர்தலில் வார்டு கவுன்சிலருக்கு நின்று நான்கிலும் தோற்றவர். ஆனாலும் தண்ணீர் பிடிக்கும் பெண்களிடம் குடத்துக்குக் குடம், "அடுத்த தடவை நம்ம சின்னத்தை மறந்துடாதீங்க" என்று சொல்வதை அவர் விட்டதில்லை.

பூங்கோதையோடு மேல்நிலைப் பள்ளியின் சரித்திர ஆசிரியர் வரதராசனும் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். இருபத்தேழு படிகள். படி முடிந்த இடத்தில் ஒரு நடை சரிந்து சரிந்து கீழே போனது; அதன் இரண்டு பக்கமும் வெள்ளைச் சுதை பூசி, உருவங்களைப் புடைப்பாகச் செதுக்கி, அதன்மேல் காவியும் மஞ்சளும் பச்சையும் நீலமும் தீட்டியிருந்தது, அந்த நீலத்தில் விரலை வைத்தால் ஈரம் ஒட்டியது. நடையின் முடிவில் அடி தெரியாத ஒரு கிணறு, அதன்மேல் ஒரு பலகை. கிணற்றைத் தாண்டினால் நான்கு தூண்கள் நின்ற கூடம், அங்கிருந்து வழி சட்டென்று வலதுகைப் பக்கம் திரும்பியது. திரும்பிய நடையில் சுவர் நீளத்துக்கும் ஒரு பாம்பு, பாம்பின் பக்கத்தில் படகு, படகில் ஆட்டுத்தலையோடு ஒரு தெய்வம். எல்லாவற்றுக்கும் கடைசியில், குடைந்து வளைத்த கூரையின் கீழ் ஒரு பெரிய அறை. கூரை முழுக்க அடர்ந்த நீலம், நீலம் முழுக்க மஞ்சள் நட்சத்திரங்கள், நட்சத்திரங்களின் நடுவே இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் உடம்பை நீட்டின ஒரு பெண், வாயைத் திறந்து சிவந்த சூரியனை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"எகிப்து தேசத்துல அரசனுங்களுக்கு மலையைக் குடைஞ்சு இப்படித்தான் கல்லறை கட்டுவாங்கம்மா" என்றார் வரதராசன், ஆச்சரியப்படாமல், வகுப்பில் சொல்கிற மாதிரியே. "அந்தக் கிணறு திருடன் விழறதுக்குன்னும் சொல்லுவாங்க, மழைத்தண்ணி உள்ள போகாம இருக்கன்னும் சொல்லுவாங்க. மேல இருக்காளே, அவதான் வானம். சாயங்காலம் அவ வாயில போற சூரியன் பன்னெண்டு மணி நேரம் அவ வயித்துக்குள்ள படகுல போயி காலையில பொறக்கும். செத்துப்போன அரசனும் அந்தப் படகுல ஏறிக்குவான்."

"எந்த அரசன் சார்?"

வரதராசன் டார்ச்சை எதிர்ச்சுவருக்குத் திருப்பினார். மற்ற உருவங்களைப்போல மூன்று மடங்கு உயரத்தில் அரசன் நின்றான். கால், கை, இடுப்பு, மார்பு எல்லாம் முடிந்திருந்தது. கழுத்துக்கு மேலே சிவப்பு மையில் கட்டம் கட்டமாகக் கோடு மட்டும் போட்டு விட்டிருந்தது. அவனுக்கு முன்னால், பெயர் எழுதுவதற்கான நீள்வட்டமான வளையம் ஒன்றும் வெறுமையாக இருந்தது.

"இன்னும் யாரும் இல்ல போலிருக்குது" என்றார் ஆசிரியர்.

பூங்கோதை அளந்து, அறுபத்தொரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம் வரைபடத்தைச் சரிபார்க்கப் போனபோது அறுபத்தெட்டு மீட்டர் இருந்தது. டேப்பை மாற்றி அளந்தாள், அப்போதும் அறுபத்தெட்டுதான். நட்சத்திரக் கூரை அறை அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் இருந்த நடைதான் நீண்டிருந்தது.

அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் எடுத்த படங்களெல்லாம் வெள்ளையாக விழுந்தன. மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம் என்று சொல்லி வாசலில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டுப் போனார்கள், அந்தக் கயிற்றை மாரிக்கண்ணு ஆட்டுக்குட்டி கட்ட அவிழ்த்துக்கொண்டாள். அக்னி நட்சத்திரம் தொடங்கி, சிமெண்ட் லாரிகள் கிளப்பிய வெள்ளைத் தூசியும் வெயிலும் சேர்ந்து ஊரைச் சுட்டெடுத்த நாட்களில், கல்மேட்டு ஜனங்கள் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கல்லறைக்குள் இறங்கினார்கள். தூண் கூடத்தில் பெண்கள் பூக்கட்டினார்கள், லாரி டிரைவர்கள் பாம்புப் படத்தின் கீழே துண்டை விரித்துத் தூங்கினார்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அங்கே டியூஷன் நடந்தது, தையற்காரர் சீனுவாசன் சுவரில் இருந்த தாமரைக் கரையைப் பார்த்து ரவிக்கைக்குக் கரை வைத்துத் தைத்ததில் அந்த மாதிரி ரவிக்கை ஊரெல்லாம் பரவிப்போனது.

வைகாசி பிறந்தபோது, கிணற்றுக்கு அடுத்த சுவரில் புரோட்டாக்கடை ஜமால் வந்துவிட்டார். பக்கவாட்டு முகம், அதில் நேராகப் பார்க்கிற ஒற்றைக் கண், இடுப்பில் வெள்ளைத் துணி, கையில் பிசைகிற மாவு. சின்ன வயதில் நாய் கடித்துப் பாதி போன அவருடைய காது மடல்கூட அப்படியே இருந்தது. ஊர் திரண்டு போய்ப் பார்த்தது. ஜமால் வெட்கப்பட்டுக்கொண்டே தன் மூக்கைத் தடவினார். மறுநாள் சீனுவாசன் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார், அதற்கு மறுநாள் பூக்காரி வேணி மண்டிபோட்டுக் கல்லில் மாவு அரைத்துக்கொண்டு வந்தாள், பிறகு நாளுக்கு நாலு பேர், ஐந்து பேர் என்று, கதிர் அறுப்பவர்களாக, செங்கல் சுமப்பவர்களாக, குடம் தூக்குபவர்களாக வந்துகொண்டே இருந்தார்கள். காலையில் எழுந்ததும் இன்றைக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்து வருவது ஊரின் வழக்கமானது. கல் குவாரி ஒப்பந்தக்காரர் அருணகிரி மட்டும், ஊருக்குப் பெரிய மனுஷனான தன்னை இன்னும் வரையவில்லை என்று ஒரு வாரம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பயம் வேணியின் கையில் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரியான அவள் ஒரு காலையில் பூங்கோதையின் சமையற்கட்டுக்குள் வந்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். ரேகைகளுக்குள் மாவு இறங்கியிருந்தது.

"கோதுமை மாவுக்கா. எங்க வீட்டுல கோதுமையே கிடையாது. எந்திரிக்கிறப்பவே இப்படி இருக்குது. முட்டியப் பாருங்க."

முழங்கால் இரண்டும் தரையில் தேய்ந்து தோல் கன்றியிருந்தது.

"எத்தன நாளா?"

"செவுத்துல வந்த அன்னியிலிருந்து. மொதல்ல கழுவிட்டுச் சும்மா இருந்தேன். இப்ப இடுப்பு ஒடியுது. படுக்குறேன், எந்திரிக்கிறேன், ஆனா தூங்குன மாதிரியே இல்ல. எங்கியோ போயி வேலை செஞ்சுட்டு வர்றேங்க்கா."

கேட்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, எல்லோரும் மறைத்து வைத்திருந்தார்கள். கோதுமையே விளையாத ஊரில் கதிர் அறுப்பவர்களின் தலைமுடியில் காலையில் கோதுமைப் பதர் ஒட்டியிருந்தது. ஆறே இல்லாத ஊரில் துடுப்புப் போடுகிறவர்களின் கைகால்களில் ஆற்றுச் சேறு இருந்தது. சுவரில் வந்த பதினோராம் நாள் சீனுவாசன் எழுந்திருக்கவில்லை. மூச்சு இருந்தது, நாடி இருந்தது. கண் மூடினபடியே அவருடைய இரண்டு தோளும் முன்னும் பின்னும், முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருந்தன. ஆஸ்பத்திரியில் கையைக் கட்டிலோடு கட்டித்தான் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கட்டோடு சேர்த்துக் கட்டிலும் முன்னும் பின்னும் அசைந்தது.

ஜனங்கள் கல்லறைக்குப் போவதை நிறுத்தினார்கள். நிறுத்தி ஒன்றும் ஆகவில்லை. சுவரில் ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். ஊரைவிட்டுச் சம்பந்தி வீட்டுக்கு ஓடிப்போனவர்கள் அங்கே படுத்தெழுந்தும் கையில் சேறோடுதான் எழுந்தார்கள். பூங்கோதை மட்டும் ஒவ்வொரு செவ்வாயும் அளக்கப் போனாள். பயந்துகொண்டேதான் போனாள், அளக்காமல் வீட்டில் இருப்பது அதைவிடப் பயமாக இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர் ஆனபோது, நடை போகிற வழியை ஊர் வரைபடத்தின்மேல் பென்சிலால் இழுத்துப் பார்த்தாள். மேற்குக் குழியில் தொடங்கி, பேருந்து நிறுத்தத்தின் அடியில் திரும்பி, அது தொடக்கப் பள்ளிக்கூடத்தின் கீழே போய் நின்றது.

அந்த வாரம் பிள்ளைகள் வந்தார்கள். புது நடையின் சுவரில், இடுப்புயரத்துக்குக் கீழே, ஒரு வரிசைப் பிள்ளைகள் வாத்து ஓட்டிக்கொண்டு போனார்கள். முதலில் நின்றது வேணியின் மகள் மலர்க்கொடி, ஏழு வயது. அன்று காலை பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைக்கு நின்ற பிள்ளைகளில் பதின்மூன்று பேரின் புறங்கையில் வாத்து கொத்தின காயம் இருந்தது.

கல்யாண மண்டபத்தில் ஊர் கூடியது. எல்லோரும் வரதராசனைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்று, கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எனக்குப் புத்தகத்துல படிச்சதுதான் தெரியும். அரசன் பட்டத்துக்கு வந்த அன்னைக்கே கல்லறையை வெட்ட ஆரம்பிப்பாங்க. அவனைக் கொண்டுபோயி வெச்சு, வாசலை அடைச்சுட்டா, அப்பறம் உளி எடுக்க மாட்டாங்க. இங்க கல்லறை வந்துடுச்சு, வேலைக்காரங்க வந்துட்டாங்க, அரசன் வரல. அதனால வெட்டிக்கிட்டே போகுது, ஆள் பிடிச்சுக்கிட்டே போகுது."

"அப்ப அரசனைக் குடுத்துட்டா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நின்னாலும் நிக்கும்."

எல்லோருடைய தலையும் அருணகிரி பக்கம் திரும்பியது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என்னைப் பாத்தா அரசன் மாதிரியா தெரியுது? நானும் உங்கள மாதிரி ஒரு சாதாரண ஆளு" என்றார், வாழ்நாளில் முதல் தடவையாக. அப்போது பின்வரிசையில், ஆண்கள் பக்கத்தில், தண்ணீர் லாரிச் சாவியை விரலில் மாட்டியபடி தணிகாசலம் எழுந்து நின்றார்.

"நான் நிக்கிறேன்" என்றார்.

அதைச் சொன்ன விதத்தில், அது வேறு எதுவும் இல்லாத வெறும் தேர்தல்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொள்ள முடிந்தது. வாக்குப்பெட்டி கொண்டுவந்தார்கள், துண்டுச்சீட்டு கொடுத்தார்கள், அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஒரே ஒரு சீட்டைத் தவிர அத்தனையிலும் தணிகாசலத்தின் பெயர் இருந்தது. ஊர் எழுந்து நின்று கை தட்டியது; தட்டின கைகளிலிருந்து மாவு பறந்தது.

மாலையோடு வீட்டுக்கு வந்தவர், மாலையைக் கழற்றாமலே கூடத்தில் உட்கார்ந்தார். பூங்கோதை அடுப்படியிலிருந்து வரவில்லை.

"கோதை, எல்லா ஓட்டும் எனக்குத்தான். ஒண்ணு தவிர."

"அது என்னுது."

"தெரியும்" என்றார். பிறகு, "மூணாவது தடவை நின்னப்ப மொத்தமே மூணு ஓட்டு விழுந்துச்சே, அதுல உன் ஓட்டு இருந்துச்சா?" என்று கேட்டார். பதினான்கு வருஷமாகக் கேட்காத கேள்வி அது.

பூங்கோதை வெளியே வந்து கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இல்லீங்க. நீங்க ஜெயிச்சுட்டா ஊரு உங்களை எடுத்துக்கிட்டுப் போயிடும்னு பயமா இருந்துச்சு. நாலு தடவையும் வேற ஆளுக்குத்தான் போட்டேன்."

அவர் கோபப்படவில்லை. மாலையிலிருந்து ஒரு இதழைப் பிய்த்துத் தரையில் வைத்தார். "உசுரோடதானே போறேன், ஒண்ணும் ஆவாதுன்னு சார் சொல்றாரு."

"அப்ப சார் போவட்டுமே. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"மலர் பாப்பா கையை நீ பாத்தியா இல்லையா?"

அவள் பார்த்திருந்தாள். தணிகாசலம் சொன்னார்: "பயமாத்தான் இருக்குது கோதை. ஆனா அத்தன பேரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க. உக்கார முடியல அதுக்கப்பறம்."

வெள்ளிக்கிழமை உச்சி வேளையில் தவில் நாகஸ்வரத்தோடு கூட்டிப்போனார்கள். பொய்க்கூரை போடுகிற ஆட்கள் பிளாஸ்டர் மாவில் உயரமான வெள்ளைக் கிரீடம் செய்திருந்தார்கள். ஊரில் இருந்த நல்ல கட்டில், நல்ல பாய், அண்டா நிறையச் சோறு, வாழைத்தார், இருபது கேன் தண்ணீர், கரண்ட் இல்லாத இடத்துக்கு ஒரு டேபிள் ஃபேன் என்று ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு, படி இறங்கி, நடை நடந்து, பலகைமேல் கிணற்றைத் தாண்டி, தூண் கூடத்தில் திரும்பி, தங்கள் தங்கள் உருவத்தைக் கடக்கும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அப்படிப் போகையில் அவர்கள் எல்லோரும் சுவரில் இருந்த வரிசையைப் போலவே இருந்ததைப் பூங்கோதை பார்த்தாள்.

நட்சத்திர அறையில் தணிகாசலம் அந்தச் சிவப்புக் கட்டங்களுக்கு எதிரே நின்றார். முதலில் கட்டங்களுக்குள் சிவப்பாக ஒரு கோடு ஓடியது, அதைத் திருத்திக் கறுப்பாக இன்னொரு கோடு ஓடியது, பிறகு காவி நிறம் பரவி, அவருடைய சப்பை மூக்கும், தாடை மச்சமும், எப்போதும் எதையோ சொல்ல வருகிற வாயும் சுவரில் வந்தன. வெறும் வளையத்துக்குள் ஒரு பறவை, ஒரு இலை, மூன்று நீரலை என்று எழுத்துகள் தாமாக வந்து உட்கார்ந்தன. ஜனங்கள் கும்பிட்டார்கள்.

கொண்டுவந்ததை வைத்துவிட்டு அவர்கள் திரும்பியபோது, விருந்தாளிகளை வழியனுப்புகிறவர்போல அவரும் கிரீடத்தோடு வாசல் வரைக்கும் கூடவே வந்தார். வந்து, படியின் உள்பக்கம் நின்றுகொண்டார். கொத்தனார் சவரிமுத்து கல் வைக்க ஆரம்பித்தார். பூங்கோதையை நான்கு பெண்கள் பிடித்திருந்தார்கள். அதில் ஒருத்தி வேணி. கல் வரிசை இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது.

"காத்து வர ஒரு கல்லு விடுங்கப்பா" என்றார் தணிகாசலம். சவரிமுத்துவின் கரண்டி நின்றது. கரண்டி மறுபடி ஓடியது.

"கோதை, நாளைக்குத் தண்ணி லாரிக்கு யாரைச் சொல்லியிருக்காங்கன்னு கேளு. கெழக்குத் தெருவுல ரெண்டு நாளாத் தண்ணி போவல" என்று கடைசிக் கல்லுக்குப் பின்னாலிருந்து கேட்டது.

மறுநாள் காலையில் கல்மேட்டின் கைகள் சுத்தமாக இருந்தன. மாவு இல்லை, சேறு இல்லை, பதர் இல்லை. சீனுவாசன் ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்து பசிக்கிறது என்றார். பிள்ளைகள் வெயில் ஏறுகிற வரைக்கும் தூங்கினார்கள். நியாயப்படி ஊர் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் ஜமால் கடையைத் திறக்கவில்லை; தெருவில் எதிர்ப்பட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு போனார்கள்; பூங்கோதையின் வாசலில் யார் யாரோ வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்குகள் வரிசையாக ஏழு நின்றன. அவள் ஒன்றையும் தொடவில்லை. கண்ணை மூடினால் அவர் அந்தக் கிணற்றுப் பலகைமேல் இருட்டில் கால் தடவி நடப்பது தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, அளவுக்கல் நடுவதற்கு வைத்திருந்த கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, தெரு நடுவில், எல்லோரும் பார்க்க, அவள் மேற்குக் குழிக்கு நடந்தாள். அவளுக்குப் பின்னால் கதவுகள் திறந்தன. அவள் குழியில் இறங்கி முதல் அடியைச் சுவரில் போடுவதற்குள் வேணி மூச்சிரைக்க ஓடிவந்து கடப்பாரையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா வேண்டாங்க்கா. எம்பொண்ணு மூணு நாளாத்தான் தூங்குறா. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

"விடு வேணி."

"உங்களுக்குப் பிள்ளை இருந்தா தெரியும்."

பூங்கோதை கையைத் தளரவிட்டாள். அப்போதுதான், பூசி முடித்த சுவருக்கு அந்தப்பக்கம், ரொம்ப ஆழத்திலிருந்து, தணிகாசலத்தின் குரல் கேட்டது. அவர் கூப்பிட்டு அழவில்லை. தண்ணீர் பிடிக்கிற வரிசையில் பேசுவதுபோல ஒவ்வொருவராகப் பேர் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார்.

"சீனு, கரையில ஏறிப் படுப்பா, துடுப்பு எங்கயும் போயிடாது. வேணி, முட்டிக்குக் கீழ ஏதாவது துணியைப் போட்டுக்க. மலர்க்கொடி, பாப்பா, வாத்து அதுபாட்டுக்குப் போவட்டும், நீ உக்காரு. எல்லாப் பிள்ளைங்களும் உக்காருங்க. நான் சொல்றேன்ல, நான்தானே இங்க அரசன்."

அது இருட்டுக்குப் பயந்த ஒருவர் இருட்டில் தெரிந்தவர்களைத் தேடித் தேடிப் பேசுகிற குரல். வேணி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கடப்பாரையின் மறு முனையைப் பிடித்தாள்.

இரண்டு பேரும் சேர்ந்து இடித்தார்கள். மேலே குழி விளிம்பில் ஊர் வந்து நின்றது. யாரும் தடுக்கவுமில்லை, இறங்கி வரவுமில்லை. சவரிமுத்து மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்படி இடிச்சா மேல விழுந்துடும்" என்று இறங்கி வந்து, தான் வைத்த கல்லைத் தானே உருவினார்.

டார்ச் வெளிச்சத்தில் பூங்கோதை நடையில் போனாள். சுவரில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும், வரிசையாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு. வாத்துகள் தூரமாய்ப் போயிருந்தன. படகு கரையில் நின்றது. நட்சத்திர அறையின் நடுவில் தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார், ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், இரண்டு தோளும் நேராக, முகம் மட்டும் பக்கவாட்டில். அவள் கூப்பிட்டதும் அவர் திரும்பவில்லை.

"திரும்ப வரல கோதை" என்றார், அவளைப் பார்க்காமலே. "கழுத்து பிடிச்சுக்கிச்சு. கல்லு மாதிரி ஆயிட்டே வருது."

அவள் கிரீடத்தை எடுத்துக் கீழே வைத்தாள். அவருடைய முழங்கையைப் பிடித்து, தூக்கத்தில் நடப்பவரைக் கூட்டிப்போகிற மாதிரி, திருப்பத்தில் இடதுகைப் பக்கம் திருப்பி, பலகைமேல் அடி அடியாக நடத்தி, இருபத்தேழு படியும் ஏற்றிக் கூட்டிவந்தாள். வெயில் பட்டதும் அவர் தும்மினார். தும்மலோடு கழுத்து பாதி திரும்பியது. மீதிப் பாதி பிறகும் திரும்பவே இல்லை.

மறுநாள் காலையில் பெரியவர்களின் கைகளில் மாவும் சேறும் திரும்பி வந்திருந்தன. பிள்ளைகளின் கைகளில் ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டு ஊர் மொத்தமும் பூங்கோதையின் வீட்டு வாசலில் வந்து நின்றது. அடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவள் கதவை மறித்து நின்றாள். குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த தணிகாசலத்தை, ஒரு பக்கமாகவே பார்க்கிற அந்த முகத்தை, எல்லோரும் வெகுநேரம் பார்த்தார்கள். கடைசியில் கிழக்குத் தெருக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமி, "லாரி எத்தன மணிக்கு வரும்ணே?" என்று கேட்டார்.

"எட்டரை" என்றார் தணிகாசலம்.

அதன்பிறகு கல்மேடு அதற்குப் பழகிக்கொண்டது. காலையில் எழுந்து மாவைக் கழுவி, முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, அவரவர் வேலைக்குப் போனார்கள். உடம்பு முடியாதவர்களின் பெயரை லாரியை நிறுத்தித் தணிகாசலத்திடம் சொல்லிவைத்தால், அவர் ஞாயிற்றுக்கிழமை கல்லறை வாசலில் நின்று உள்ளே பார்த்துச் சொல்லுவார், சுவரில் அந்த ஆள் உட்கார்ந்துகொள்வார். நீளம் அதே அளவில் நின்றது. புதிதாக யாரும் வரவில்லை. வாசலில் மறுபடி யாரும் கல் வைக்கவில்லை. அருணகிரி மட்டும் ஊரைக் காலிசெய்துகொண்டு போனார்.

ஆனால் வரதராசன் ஒருநாள், யாரும் கேட்காமலே, டீக்கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்: உயிரோடு போனதால்தான் திரும்பி வந்தார், அரசன் செத்தபிறகு போனால் வரமாட்டான், வேலைக்காரர்களை வெளியே விடவும் மாட்டான். சொன்ன பிறகு அவரே பயந்துபோய்ப் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துபோனார். அன்று முதல் தணிகாசலத்தின்மேல் ஊரின் கண் விழுந்தது. லாரியை அவர் வேகமாக ஓட்டினால் பெண்கள் கத்தினார்கள். அவருக்கு உப்புக் கொடுக்க ஜமால் மறுத்தார். சந்தையில் அவர் இருமினால், தராசு பிடித்த கைகூட அந்தரத்தில் நின்றது. தேடித் தேடி ஓட்டுக் கேட்ட மனுஷனுக்கு, இப்போது தெருவில் நடந்தால் காலில் தட்டாமல் கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போட ஆள் இருந்தது, அது அவருக்குப் பிடித்திருந்ததா என்று பூங்கோதையால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருடைய முகத்தில் அவள் எப்போதும் ஒரு பாதியைத்தான் பார்த்தாள்.

மூன்றாவது வருஷம் ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அனுப்பினார்கள், காய்ச்சல் விடவில்லை. நான்காம் நாள் மதியம் அவர் படுத்தபடியே யார் யாருடைய பெயரையோ சொல்ல ஆரம்பித்தார். பூங்கோதை நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். போட்ட துணி காய்ந்துகொண்டே வந்தது.

வெளியே மழையில் குடை பிடித்தும் பிடிக்காமலும் தெரு நிறைந்திருந்தது. சீனுவாசன், ஜமால், சவரிமுத்து, மாரிக்கண்ணு, பள்ளிக்கூடப் பையோடு மலர்க்கொடி, அவள் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேணி. உள்ளேயிருந்து இருமல் வரும்போதெல்லாம் அத்தனை தலையும் ஒருசேர அசைந்தது.

பூங்கோதை வாசலுக்கு வந்தாள். வேணியின் உதடுகள் கேட்க வந்து கேட்காமல் நின்றன. பூங்கோதை அவளைப் பார்த்தாள், அவள் பிடித்திருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"காய்ச்சல் விட்டுடுச்சு" என்றாள் உரக்க. "தூங்குறாரு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

தெரு மொத்தமும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. குடைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. போகிறபோது மலர்க்கொடி கை அசைத்தாள். பூங்கோதை கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். அவருடைய நெற்றியின் சூடு அவளுடைய உள்ளங்கையில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.